சாவி யாரிடம்?

வீட்டுக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. பையன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இல்லை. ரயிலில் இடம் கிடைக்கவில்லை. வெங்காய விலை விஷம்போல் ஏறிவிட்டது. இவற்றுக்கெல்லாம் யார் பொறுப்பு என்று வீட்டிலே ஒரு கேள்வி எழுந்தால், "வேறு யார்? சர்க்கார்தான்!" என்று உடனே பதில் வருகிறது. ஆனால் எந்தச் சர்க்கார் என்று அடுத்த கேள்வியைப் போட்டால், வீட்டுப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்து விடுகிறார்.

நம்மை ஆளுவது ஒரு சர்க்கார் அல்ல, மூன்று சர்க்கார்கள். தில்லியில் ஒன்று, ராஜ்யத்தின் தலைநகரில் ஒன்று, ஊரிலேயே பஞ்சாயத்து அல்லது முனிசிபாலிடி என்ற பெயருடன் ஒன்று. மூன்றுக்கும் நாம் வோட்டுப் போடுகிறோம். மூன்றுக்கும் வரி கொடுக்கிறோம். இந்த ஏற்பாட்டை அந்தக் காலத்தில் சமஷ்டி என்று சொன்னார்கள். இப்போது கூட்டாட்சி என்கிறார்கள். ராஜ்யத்துக்கும் அப்படித்தான். முன்னே மாகாணம் என்றோம், 1950-க்குப் பிறகு ராஜ்யம் என்றோம், இப்போது மாநிலம் என்கிறோம். பெயர் மாறிய அளவுக்கு அதிகாரம் மாறிற்றா என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

1950-ம் வருஷம் ஜனவரி 26-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று ஜாபிதாக்கள் இருக்கின்றன. முதல் ஜாபிதாவில் மத்திய சர்க்காருக்குரிய விஷயங்கள் 97. இரண்டாவதில் ராஜ்யங்களுக்குரியவை 66. மூன்றாவதில் இருவருக்கும் பொதுவானவை 47. ஆரம்பத்தில் போட்ட கணக்கு இது. இந்த மூன்றிலும் சேராத எந்தப் புது விஷயம் முளைத்தாலும் அது தில்லியைச் சேரும் என்று 248-வது ஷரத்து சொல்கிறது.

இந்த ஜாபிதாக்களைப் படிப்பது அலுப்புத் தட்டும் வேலை என்று நினைக்க வேண்டாம். பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் படிப்பதில் உள்ள ருசி இதிலும் உண்டு. ராமேசுவரத்துக்கோ திருப்பதிக்கோ யாத்திரை போனால் அது ராஜ்ய சர்க்காரின் விஷயம். கைலாசத்துக்கோ மெக்காவுக்கோ போனால் மத்திய சர்க்காரின் விஷயம். சினிமாப் படத்தைத் திரையில் காட்டலாம் என்று அனுமதி கொடுப்பது தில்லி. அதைக் காட்டுகிற கொட்டகைக்கு லைசென்ஸ் கொடுப்பது ராஜ்யம். மாதச் சம்பளத்தின் மீது வரி போடுவது தில்லி. வயலில் விளைந்த நெல்லின் வருமானத்தின் மீது வரி போட அதிகாரம் உள்ளது ராஜ்யம் ஒன்றுக்குத்தான். கலங்கரை விளக்கம் தில்லிக்கு. சந்தையும் திருவிழாக் கூட்டமும் ராஜ்யத்துக்கு. போலீஸ், ஆஸ்பத்திரி, விவசாயம், நிலம், குடிநீர், ஸ்தல ஸ்தாபனங்கள், கடைசியில் எல்லாரும் போய்ச் சேருகிற மயானம் இவையெல்லாம் ராஜ்யத்தின் பொறுப்பு. பிறந்தது முதல் மயானம் வரையில் ஒரு குடும்பத்துக்கு அன்றாடம் வேண்டியவற்றில் பெரும்பகுதி இரண்டாவது ஜாபிதாவில்தான் இருக்கிறது என்பதை நேயர்கள் கவனிக்கலாம்.

அப்படியானால் ராஜ்யங்களுக்கு என்ன குறை? இதற்குப் பதில் சொல்ல, ஜாபிதாவை மடித்து வைத்துவிட்டுப் பணப்பெட்டியைப் பார்க்க வேண்டும்.

பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துச் சாவியை மற்றொருவரிடம் வைத்திருப்பது நம் தேசத்துக்குப் புதிய வித்தை அல்ல. 1919-ம் வருஷத்துச் சட்டப்படி மாகாணங்களில் இரட்டை ஆட்சி ஏற்பட்டது. கல்வி, பொது சுகாதாரம், விவசாயம், ஸ்தல ஸ்தாபனங்கள் ஆகியவற்றை இந்திய மந்திரிகளிடம் ஒப்புவித்தார்கள். போலீஸ், நிலவரி, நீதி, எல்லாவற்றுக்கும் மேலாக நிதி இலாகா ஆகியவை கவர்னரும் அவருடைய நிர்வாக சபை அங்கத்தினர்களும் அடங்கிய மறு பாதியில் பத்திரமாக இருந்தன. பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஜனங்கள் மந்திரியிடம் போவார்கள். மந்திரி பணம் வேண்டுமென்று நிதி அங்கத்தினரிடம் போவார். பள்ளிக்கூடம் வராவிட்டால் ஜனங்கள் மந்திரியைத்தான் திட்டுவார்கள். சென்னை மாகாணத்தில் இந்தக் கூத்து 1937 வரையில் நடந்தது.

பிறகு 1935-ம் வருஷத்துச் சட்டம் வந்தது. அதன் சமஷ்டிப் பகுதி, சமஸ்தானாதிபதிகள் போதிய தொகையில் சேர முன்வராமையால், பிறக்காமலேயே போயிற்று. ஆனால் மாகாண சுயாட்சிப் பகுதி 1937 ஏப்ரல் 1-ல் அமுலுக்கு வந்தது. அந்த வருஷம் ஜூலையில் ராஜாஜி சென்னையில் முதன் மந்திரியானார். அந்த மந்திரிசபை இருந்தது இரண்டே கால் வருஷம். அதற்குள் அது செய்த ஒரு காரியம் சமஷ்டி ஆட்சியின் தத்துவத்தைப் பத்துப் பிரசங்கங்களைவிட நன்றாக விளக்கக் கூடியது.

1937 அக்டோபர் 1-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பமாயிற்று. கள்ளுக்கடை வருமானம் மாகாண சர்க்காருக்கு ஒரு பெரிய தூண். அந்தத் தூணை எடுத்தால் கூரையைத் தாங்குவது எது? தில்லிக்குப் போய்க் கை நீட்டவில்லை. 1939-ல் பொது விற்பனை வரி என்று ஒரு புதிய வரியைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். எல்லாச் சரக்குகளுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் போட்டது சென்னை மாகாணந்தான். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். வரி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஒரு மாகாணத்து ஜனங்கள் தங்களுக்கு இன்னது வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்கு ஆகும் செலவைத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டார்கள். பிடிக்காவிட்டால் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொறுப்பும் சாவியும் ஒரே இடுப்பில் தொங்கின. 1939 அக்டோபரில் யுத்தம் காரணமாக மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. ஆனால் விற்பனை வரி ராஜிநாமாச் செய்யவில்லை. பிற்காலத்தில் ஏறக்குறைய எல்லா ராஜ்யங்களுக்கும் அதுவே முதுகெலும்பாயிற்று.

சுதந்திரம் வந்தபோது மாகாணங்களுக்கு இன்னும் அதிக அதிகாரம் வரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 1946 மே மாதத்தில் பிரிட்டிஷ் மந்திரிகளின் தூது கோஷ்டி வெளியிட்ட திட்டத்தில், மத்திய சர்க்காருக்கு ராணுவம், வெளிநாட்டு விவகாரம், போக்குவரத்துத் தொடர்பு என்ற மூன்றும், அவற்றுக்கு வேண்டிய பணமுந்தான் கொடுக்கப்பட்டன. மிச்சமெல்லாம் மாகாணங்களுக்கு. அதே வருஷம் டிசம்பர் 13-ல் அரசியல் நிர்ணய சபையில் நேரு கொண்டுவந்த லட்சியத் தீர்மானமும் மிச்ச அதிகாரங்கள் மாகாணங்களுக்கே என்று கூறிற்று. 1947 ஜூன் 3-ல் தேசப் பிரிவினை அறிவிக்கப்பட்டது. ஒரு மாதம் ஆவதற்குள், ஜூலை 5-ந் தேதி, மத்திய அதிகாரங்களைப் பற்றிய கமிட்டி தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு விட்டது. பிரிந்து போகிறவர்களைச் சமாதானப்படுத்தத்தானே பலவீனமான மத்திய சர்க்கார்? அவர்கள்தான் போயாயிற்றே! இனிமேல் மத்திய சர்க்கார் பலமாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அப்போது பஞ்சாபிலும் வங்காளத்திலும் ஓடிய ரத்தத்தையும், சமஸ்தானங்களின் நிலையையும், உணவுப் பஞ்சத்தையும் நினைத்துப் பார்த்தால், அந்த முடிவைக் குறை சொல்ல நாக்கு எழாது.

ஆனால் ஒருவர் எழுந்து குறை சொன்னார். அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம், காங்கிரஸ்காரர், பத்திரிகாசிரியராகவும் இருந்தவர். 1947 ஆகஸ்டில், சுதந்திரக் கொடி ஏறிய சில நாட்களுக்குள், அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியதன் சாரம் இது: எல்லா அதிகாரத்தையும் கொண்டுபோய் மத்தியில் கொட்டினால் மத்தி பலமடையும் என்பது ஒரு பிரமை. அகில இந்தியாவுக்கும் இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றின் பொறுப்பு தன்னுடையதல்ல என்று சொல்லக் கூடியதுதான் பலமுள்ள மத்திய சர்க்கார். தன் ஜனங்களுக்குக் கல்வி தரவும், சுகாதாரம் தரவும், சாலை போடவும் வழியில்லாமல் மாகாணங்கள் தில்லி வாசலில் வந்து தர்மம் கேட்கும்படியான அரசியல் சட்டம் வேண்டாம்.

அன்றைய மனோநிலையில் இது எடுபடவில்லை. வருமான வரி, கம்பெனி வரி, சுங்க வரி முதலிய, தேசம் வளர வளரத் தானே வளருகிற வரிகள் தில்லிக்குப் போயின. அதற்கு நியாயமும் இருந்தது. பம்பாயில் தலைமை ஆபீஸ் இருக்கிற கம்பெனிக்குத் தேசம் முழுவதும் வியாபாரம். அதன் வருமானத்தின் மீது ஒரு ராஜ்யம் மட்டும் வரி போடுவது எப்படிப் பொருந்தும்? ஆகவே வசூலிப்பது தில்லி, பிறகு பங்கிட்டுக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். பங்கு போட 280-வது ஷரத்தின்படி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நிதிக் கமிஷன் என்று ஒரு மத்தியஸ்தர் சபை. முதலாவது கமிஷன் 1951-ல் ஏற்பட்டது. 1956-ல் ஏற்பட்ட இரண்டாவது கமிஷனுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் யார் தெரியுமா? அதே கே. சந்தானந்தான்! கையேந்த வைக்காதீர்கள் என்று சொன்னவரிடமே, ஏந்திய கைகளில் எவ்வளவு போடுவது என்று கணக்குப் பார்க்கும் வேலை வந்து சேர்ந்தது.

நாலாவது கமிஷனின் தலைவர், சென்னை ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதியாக இருந்த பி. வி. ராஜமன்னார். தில்லிக் கணக்கை உள்ளேயிருந்து பார்த்த அவரையே தமிழ்நாட்டுச் சர்க்கார் 1969-ல் மத்திய, ராஜ்ய உறவைப் பற்றி ஆராயும் கமிட்டிக்குத் தலைவராகப் போட்டது. ராஜ்யங்களுக்கு அதிக அதிகாரமும் அதிக வரியும் வேண்டும் என்று 1971-ல் அந்தக் கமிட்டி அறிக்கை கொடுத்தது.

நிதிக் கமிஷன் செய்யும் பங்கீட்டில் இரண்டு சண்டைகள் உண்டு. ஒன்று, தில்லிக்கும் ராஜ்யங்கள் எல்லாவற்றுக்கும். பதினாலாவது கமிஷன் 2015 முதல் ஐந்து வருஷத்துக்கு, பங்கிடக் கூடிய வரித் தொகையில் நூற்றுக்கு 42 ராஜ்யங்களுக்கு என்றது. ஜம்மு காஷ்மீர் ராஜ்யமாக இல்லாமற் போன பிறகு பதினைந்தாவது கமிஷன் அதை 41 ஆக்கிற்று. "பங்கிடக் கூடிய" என்ற சொல்லின் மேல் நேயர்கள் ஒரு கண் வைக்க வேண்டும். செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் தில்லி போடுகிற உபரி வரிகள் இந்தப் பங்கில் சேரமாட்டா. பெரிய பாத்திரத்தில் உள்ள பாயசத்தை நூற்றுக்கு 41 வீதம் பரிமாறுவதாக ஒப்புக்கொண்டு, கொஞ்சத்தை முன்பே சின்னப் பாத்திரத்தில் எடுத்துச் சமையல் உள்ளில் வைத்துக்கொள்ளும் உபாயம் இது. சட்டப்படி சரி. பந்தியில் உட்கார்ந்தவர்கள் முணுமுணுப்பதும் சரி.

மற்றொரு சண்டை ராஜ்யங்களுக்குள்ளேயே. பதினைந்தாவது கமிஷனின் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு 4.079, உத்தரப் பிரதேசத்தின் பங்கு 17.939. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியதற்கு இதுவா சன்மானம் என்று தெற்கே கேட்கிறார்கள். பணக்காரத் தம்பி ஏழை அண்ணனுக்குக் கொடுக்காவிட்டால் ஒரே குடும்பம் என்ற பேச்சு எதற்கு என்று வடக்கே கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஏழை ராஜ்யத்துக்கு அதிகம் போக வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் எவ்வளவு காலம், எதற்காக, அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்று கேட்கத் தம்பிக்கு உரிமை இருக்கிறது.

இத்தனையிலும் ராஜ்யங்களுக்குச் சொந்தமாக ஒரு சாவி மிஞ்சியிருந்தது. 1939-ல் சென்னையில் வார்த்த அந்த விற்பனை வரிச் சாவிதான். 2017 ஜூலை 1-ல் சரக்கு, சேவை வரி அமுலுக்கு வந்தபோது அதையும் பொதுக் கொத்தில் கோத்தார்கள். தேசம் முழுவதும் ஒரே சந்தை. செக்போஸ்டில் லாரிகள் நாள் கணக்கில் நிற்க வேண்டாம். வரிக்கு மேல் வரி இல்லை. இந்த நன்மைகள் மெய்யானவை. அதற்கு விலையாக, ஒரு சட்டசபை தானாக வரி விகிதத்தை ஏற்றவோ இறக்கவோ முடியாமல் போயிற்று. தீர்மானிப்பது ஒரு கவுன்சில். அதில் மத்திய சர்க்காரின் வோட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு நிறை. ராஜ்யங்களின் வோட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நாலில் மூன்று பங்கு வேண்டும். நேயர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். எல்லா ராஜ்யங்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் தில்லி இல்லாமல் ஒன்றும் நடவாது. தில்லி விரும்பியதை நிறைவேற்ற, ராஜ்யங்களின் வோட்டில் எட்டில் ஐந்து பங்கு அதனுடன் சேர்ந்தால் போதும். நடைமுறையில் கவுன்சில் வோட்டெடுப்பைத் தவிர்த்தே வந்தது. முதன் முதலாக 2019 டிசம்பரில் வோட்டெடுத்தது லாட்டரிச் சீட்டின் மீது வரி போடுவதற்கு. கவுன்சில் சொல்வது யோசனையே தவிரக் கட்டளை அல்ல என்று 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் யோசனையைத் தட்டிவிட்டுத் தனி வழி போகும் ராஜ்யத்தின் வியாபாரிகள் கதி என்ன ஆகும் என்பதைத் தீர்ப்பு சொல்ல முடியாது.

ஜனங்கள் குடிக்கும் மதுவையும், பெட்ரோல், டீசல் முதலியவற்றையும் கவுன்சிலின் வலைக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். 1937-ல் கள்ளுக்கடையை மூடியதற்காக 1939-ல் விற்பனை வரியைக் கண்டுபிடித்தார்கள். 2017-ல் விற்பனை வரியைப் பொதுவில் விட்டுவிட்டு, ராஜ்யங்கள் தங்கள் இஷ்டப்படி கூட்டக் கூடிய முக்கியமான வரிகள் எவை என்று பார்த்தால், மதுக்கடையும் பெட்ரோல் பங்கும் பத்திரப் பதிவு ஆபீசும் மிஞ்சின. நாளைக்கு ஒரு முதன் மந்திரி மதுவிலக்குக் கொண்டுவர மனப்பூர்வமாக ஆசைப்பட்டாலும், அந்த இடத்தில் நிறுத்துவதற்கு 1939-ல் இருந்தது போன்ற ஒரு தூண் அவர் கையில் இல்லை. கடையை மூடு என்று அவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் பெண்மணிகளுக்கு இந்தக் கணக்கை யார் சொல்வது?

பணத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும் காற்று தில்லிப் பக்கமே அடித்திருக்கிறது. 1976-ம் வருஷம், அவசர நிலைக் காலத்தில், 42-வது திருத்தத்தினால் கல்வியும் காடும் ராஜ்ய ஜாபிதாவிலிருந்து பொது ஜாபிதாவுக்குப் போயின. பொது ஜாபிதா என்பது கூட்டுப் பட்டா மாதிரி. இருவரும் உழலாம், ஆனால் இரு சட்டங்களும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். ராஷ்டிரபதி சம்மதம் கொடுத்தால் மட்டும் அந்த ராஜ்யத்தில் ராஜ்யச் சட்டம் நிற்கலாம். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்த ஜல்லிக்கட்டு, 2017-ல் இந்த வழியாகத்தான் வாடிவாசலுக்குத் திரும்பி வந்தது. 2023 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டும் அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டது. ஆகவே கூட்டுப் பட்டாவிலும் சில சமயம் நமக்கு மகசூல் உண்டு.

ராஜ்யத்தின் எல்லையையே பார்லிமெண்டு மாற்றலாம். அமெரிக்காவில் ஒரு ராஜ்யத்தை அதன் சட்டசபை சம்மதமின்றிப் பிரிக்க முடியாது. இங்கே சட்டசபையின் அபிப்பிராயத்தைக் கேட்டால் போதும், கேட்டபடி செய்ய வேண்டியதில்லை. ஆந்திர சட்டசபை 2014 ஜனவரியில் வேண்டாம் என்று சொல்லிற்று; ஜூன் 2-ல் தெலுங்கானா பிறந்துவிட்டது. மந்திரிசபைகளைக் கலைக்கும் 356-வது ஷரத்தோ, உபயோகமாகாத வெறும் எழுத்தாகவே இருக்கும் என்று அம்பேத்கர் 1949-ல் நம்பிக்கை தெரிவித்தார். அது நூறு தடவைக்கு மேல் உபயோகமாயிற்று. 1959-ல் கேரளம், 1976-லும் 1991-லும் தமிழ்நாடு என்று பட்டியல் நீளும். 1994-ல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கூடி, மந்திரிசபைக்குப் பலம் உண்டா என்பதைச் சட்டசபையில்தான் பார்க்க வேண்டும், கவர்னர் மாளிகையில் அல்ல என்று சொன்ன பிறகுதான் அந்த ஆயுதத்தின் வேகம் குறைந்தது.

இதுவரையில் படித்துவிட்டு, "அப்படிச் சொல்லுங்கள்! எல்லாம் தில்லி செய்கிற அக்கிரமம்" என்று ராஜ்ய மந்திரிகள் எழுந்து நிற்பார்களானால், அவர்கள் தயவு செய்து உட்காரவேண்டும். அவர்களிடமும் ஒரு சாவிக் கொத்து இருக்கிறது.

1948 நவம்பர் 4-ந் தேதி அம்பேத்கர் அரசியல் சட்ட நகலைச் சபை முன் வைத்தபோது, நம் கிராமங்களை அறியாமையின் இருப்பிடம் என்ற கருத்தில் கடுமையாகப் பேசினார். காந்திஜியின் பஞ்சாயத்துக் கனவுக்கு நகலில் இடமே இல்லை. சபையில் பலருக்கு மனம் பொறுக்கவில்லை. நவம்பர் 22-ல் ஒரு திருத்தம் வந்தது. கிராமப் பஞ்சாயத்துகளை ஏற்படுத்தி, சுயாட்சிக்கு வேண்டிய அதிகாரங்களை அவற்றுக்குக் கொடுக்கச் சர்க்கார் முயல வேண்டும் என்பது. அம்பேத்கர் அதை ஒப்புக்கொண்டார். அதுவே 40-வது ஷரத்து. கொண்டுவந்தவர் நமது பழைய நண்பர் கே. சந்தானம். அதிகாரம் தில்லியில் குவியக்கூடாது என்றவர், சென்னையிலும் குவியக்கூடாது என்று நினைத்திருக்கிறார். இந்த இரண்டாவது பாதியை நம் மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த ஷரத்து 44 வருஷம் தூங்கிற்று. 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமுலுக்கு வந்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்றாக்கியது. குடிநீர், சாலை, ஆரம்பப் பள்ளிக்கூடம் முதலாக 29 விஷயங்கள் அடங்கிய ஒரு ஜாபிதாவும் கூடவே வந்தது. ஆனால் அவற்றைப் பஞ்சாயத்துக்கு ராஜ்ய சட்டசபை "கொடுக்கலாம்" என்றுதான் எழுதியிருக்கிறது. "கொடுக்க வேண்டும்" என்று எழுதவில்லை. கொடுக்கலாம் என்று எழுதியதை யார் கொடுப்பார்கள்? கேரளம் 1996-ல் தன் திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கிக் காட்டிற்று. தமிழ்நாட்டிலோ 2016 அக்டோபரில் பஞ்சாயத்துகளின் ஆயுள் முடிந்தது. எல்லை வரையறை, ஒதுக்கீடு என்று கோர்ட்டு வழக்குகள் நடந்துகொண்டே இருந்தன. கிராமத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், அதுவும் 27 ஜில்லாக்களில். மூன்று வருஷம் தனி அதிகாரிகள் ராஜ்யபாரம் செய்தார்கள். மந்திரிசபையைக் கலைத்துவிட்டு மூன்று வருஷம் கவர்னர் ஆண்டிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? குழாயில் தண்ணீர் வராதபோது கேட்பதற்கு ஊரில் ஒரு தலைவர் இல்லாமல் போனதைப் பற்றிப் பெரிய கிளர்ச்சி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மட்டும் எல்லாரும் பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்தச் சாஸனங்களில், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகள் இருக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் ஓலை போடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. பெருமை பேசுகிறவர்கள் இந்த விதியின் அருகில் வந்ததும் ஏனோ குரலைத் தாழ்த்திக் கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது கிராம சபை வருஷத்தில் ஆறு நாட்கள் கூட வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது: ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வோட்டர் ஜாபிதாவில் பெயர் உள்ள எவரும் அங்கத்தினர். தனி அழைப்பு வேண்டியதில்லை. பஞ்சாயத்தின் வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். வாசிக்கும்போது, தில்லியிலிருந்து நிதிக் கமிஷன் மானியம் எவ்வளவு, சென்னையிலிருந்து வந்தது எவ்வளவு, ஊரிலேயே வீட்டு வரியாக வசூலானது எவ்வளவு என்று மூன்று தொகைகளையும் தனித் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மூன்று சர்க்கார்களும் ஒரே காகிதத்தில் அகப்படும் இடம் அது ஒன்றுதான்.